கூடவே வந்தவை

2008, 2009 ஆண்டுகளில் பேருந்தில் அமர்ந்து கைப்பேசியில் தமிழ் படிக்க முயன்றவர்களுக்கு ஒரு மந்திரம் தெரிந்திருக்கும். அன்று நம்மில் பலரிடம் இருந்தவை பொத்தான் வைத்த எளிய கைப்பேசிகள். ஜாவாவில் எழுதிய சிறு மென்பொருள்கள் அவற்றில் ஓடும், அவ்வளவுதான். தமிழ் எழுத்துரு கிடையாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் வரிசை வரிசையாய் வெற்றுக் கட்டங்கள். நண்பர் ஒருவர் வழி சொன்னார்: ஓபரா மினி என்னும் உலாவியை இறக்கிக்கொள்ளுங்கள்; முகவரிப் பட்டையில் தயாராக நிற்கும் மூன்று டபிள்யூக்களை அழித்துவிட்டு 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடியுங்கள்; வரும் பட்டியலில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பட எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு 'ஆம்' என்று சொல்லிச் சேமியுங்கள்.

செய்தோம். கட்டங்கள் மறைந்து எழுத்துகள் வந்தன. கொஞ்சம் மங்கலாக, சற்றே பல்லிளித்துக்கொண்டு. ஆனால் கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில். நாம் இறங்க வேண்டிய நிறுத்தம் வருவதற்குள் ஒரு சிறுகதை முடிந்திருந்தது.

நடந்தது இதுதான். ஓபரா மினியில் பக்கம் கைப்பேசிக்குள் உருவாவதில்லை. ஓபரா நிறுவனத்தின் வழங்கிகள் பக்கத்தைப் பெற்று, சுருக்கி, கையடக்கமாக்கி அனுப்பும். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னால், வழங்கியே தமிழ் எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பிவிடும். கைப்பேசிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. படம் காட்டத் தெரிந்தால் போதும். தரவு கூடுதலாகச் செலவாகும் என்பதால் இயல்பு நிலையில் விடை 'இல்லை' என்றே வைக்கப்பட்டிருந்தது. காரணம் நியாயமானதே. ஆனால் இந்த வசதி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ, அவர்கள்தாம் ஆங்கிலத்தில் இருந்த ஒளிவிடத்துக்குள் சென்று அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நமக்குச் சொல்ல ஒரு நண்பர் இருந்தார். கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

உலாவிகளின் வரலாற்றை நிறுவனங்களின் போராகவே எழுதி வந்திருக்கிறார்கள். முதல் போர், இரண்டாம் போர் என்று எண்ணிக்கைகூட உண்டு. நமக்கு அந்த வரலாறு வேறு விதமாகத் தோன்றுகிறது. எந்த வசதி கூடவே வந்தது, எது தேடிப்போய் எடுக்க வேண்டியதாக இருந்தது, எது சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால், வென்றவர் தோற்றவர் கணக்கு கொஞ்சம் மாறிவிடுகிறது.

முதல் இழப்பு, முதல் உலாவியிலேயே நேர்ந்தது. 1990இன் இறுதியில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், நெக்ஸ்ட் என்னும் கணினியில் டிம் பெர்னர்ஸ் லீ எழுதிய உலாவி வெறும் படிப்பான் அல்ல; எழுதியும்கூட. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தில் கர்சரை வைத்துத் திருத்தலாம், புதிய பக்கம் தொடங்கலாம், ஒரு சொல்லைத் தேர்ந்து இன்னொரு பக்கத்தோடு இணைக்கலாம். படிப்பதும் எழுதுவதும் ஒரே சாளரத்தில் நடக்கும் ஒரே வேலை என்பது அவர் எண்ணம். ஆனால் நெக்ஸ்ட் விலை உயர்ந்த, அரிதான கணினி. எல்லா வகைக் கணினிகளிலும் ஓடும்படியாக ஓர் எளிய உலாவி தேவைப்பட்டது. மாணவியாக அங்கே பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ அதை எழுதினார். வரி வரியாக எழுத்தை மட்டும் காட்டும் அந்த உலாவியில் படிக்க மட்டுமே முடியும். உலகம் முதலில் கண்ட வலை அதுதான்.

1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த மீக்கணினி மையத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் மொசைக் உலாவியை உருவாக்கினார்கள். எழுத்துக்கு நடுவே படம் தெரிந்தது. படம் காட்டும் உலாவி அதற்கு முன்பு இல்லாமல் இல்லை. ஆனால் எளிதாக நிறுவ முடிந்ததும், பிறகு விண்டோஸிலும் மேக்கிலும் கிடைத்ததும் மொசைக்தான். எழுதும் வசதி அதிலும் இல்லை. அதே 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் வலையின் நுட்பத்தைக் கட்டணமின்றி எல்லோர்க்கும் பொதுவென்று அறிவித்திருந்தது. கதவு அகலத் திறந்தது. உள்ளே நுழைந்தவர்கள் கையில் பேனா இல்லை. எழுத்தோடு உறவுள்ள நாம் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. வலைப்பதிவுகள் பரவி, எவரும் எழுதலாம் என்ற நிலை மீண்டும் வர ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. அதுவும் உலாவிக்குள் அல்ல, யாரோ ஒரு நிறுவனத்தின் தளத்தில் இருந்த எழுதும் பெட்டிக்குள்.

அடுத்து நடந்தவை பலரும் அறிந்தவை, விரைந்து கடக்கலாம். ஆண்ட்ரீசன் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து 1994இல் தொடங்கிய நிறுவனத்தின் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் அந்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. 1995 ஆகஸ்ட் 9 அன்று பங்குச்சந்தைக்கு வந்தபோது 28 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 58 டாலருக்கு மேல் நின்றது. அதே ஆண்டு மே மாதமே பில் கேட்ஸ் இணையம் என்னும் பேரலையைப் பற்றித் தம் அதிகாரிகளுக்கு நீண்ட குறிப்பு ஒன்று அனுப்பியிருந்தார். மைக்ரோசாஃப்ட், ஸ்பைகிளாஸ் நிறுவனத்திடம் மொசைக்கின் உரிமம் பெற்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைச் செய்தது. விற்பனையைப் பொறுத்து ஸ்பைகிளாஸுக்குப் பங்கு என்பது ஒப்பந்தம்; மைக்ரோசாஃப்டோ உலாவியை விற்கவே இல்லை, சும்மா கொடுத்தது. சும்மா கொடுத்ததில் பங்கு கேட்டால் என்ன கிடைக்கும்? 1997இல் 80 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பிணக்கைத் தீர்த்தார்கள்.

உலாவிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று நெட்ஸ்கேப் யோசித்துக்கொண்டிருந்தபோது, மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே சென்றது. உலாவியையே இன்னொன்றின் உள்ளுறுப்பாக ஆக்கிவிட்டது. 1998 ஜூனில் விண்டோஸ் 98 வந்தபோது எக்ஸ்ப்ளோரர் அதன் சதையும் நரம்புமாக இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்துவிட்டது. வழக்கின் நடுக்கேள்வி ஒரு தத்துவ வினாவைப் போன்றது: உலாவி என்பது விண்டோஸின் உறுப்பா, கூடவே கட்டிக்கொடுத்த இன்னொரு பொருளா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டன் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தார். விண்டோஸைக் கெடுக்காமல் எக்ஸ்ப்ளோரரை மட்டும் நீக்கிக் காட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தார். அப்படி நீக்கினால் விண்டோஸ் தள்ளாடுகிறது என்று காட்ட, 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒளிப்படம் ஒன்றை நீதிமன்றத்தில் ஓடவிட்டது. அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொன்னார். சாளரத்தின் தலைப்பு வரி ஒத்துப்போகவில்லை. படம் காட்டுவதாகச் சொன்னதை அது காட்டவில்லை என்பது வெளிப்பட்டது. சாட்சிக் கூண்டில் நின்ற ஜிம் ஆல்சின் தடுமாறினார். ஒரு தலைப்பு வரியை உற்றுப் பார்த்ததால் பெருநிறுவனம் ஒன்று தலைகுனிந்த அந்த நாள், பிழை திருத்துவோர் அனைவருக்கும் உவப்பானதாக இருக்கும்.

நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ரத்து செய்தது. ஆனால் முற்றுரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதிசெய்தது. உலாவியின் நிரலை விண்டோஸின் நிரலோடு பிரிக்க முடியாதபடி கலந்ததும் குற்றங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. தீர்ப்பு வருவதற்குள் நெட்ஸ்கேப் ஏஓஎல் கைக்குப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன.

வென்ற பின் மைக்ரோசாஃப்ட் தூங்கிவிட்டது. 2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பு, 2006 அக்டோபரில் ஏழாம் பதிப்பு. இடையில் ஐந்து ஆண்டுகள். உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பயன்படுத்திய உலாவியில், ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கும் தத்தல் வசதிகூட அந்த ஐந்து ஆண்டுகளில் வரவில்லை. துள்ளுசாளர விளம்பரங்களைத் தடுக்கும் வசதி 2004 ஆகஸ்டில்தான் வந்தது. அதுவும் விண்டோஸ் எக்ஸ்பி-யின் இரண்டாம் சேவைத்தொகுப்போடு. பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதில் பாதியை விளம்பரச் சாளரங்களை மூடியே கழித்தவர்களுக்கு இந்தத் தேதிகளின் பொருள் புரியும்.

இந்தத் தூக்கத்தின்போது விழித்திருந்தவர்களுள் நமக்கு மிகவும் பிடித்தது நார்வேயின் ஓபரா. டெலிநார் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுப்பிரிவில் 1994இல் யோன் வான் டெட்ஸ்னரும் கெய்ர் இவர்சோயும் தொடங்கிய வேலை அது. தொடக்கக்காலப் பதிப்புகள் ஒரு ஃபிளாப்பித் தட்டில் அடங்கிவிடும். அந்தச் சிறிய பெட்டிக்குள் அவர்கள் அடுக்கிய பொருள்களைப் பார்த்தால், கட்டுச்சோறு கட்டித்தரும் பாட்டியின் நினைவு வரும். ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்கள் முதல் பொதுப் பதிப்பிலேயே உண்டு. எழுத்தை மட்டுமின்றிப் படம் உள்ளிட்ட முழுப் பக்கத்தையும் பெரிதாக்கலாம். கண் மங்கியவர்களுக்கு அது வரம். மின்சாரம் போய்விட்டால், மறுபடி திறக்கும்போது விட்ட இடத்தில் எல்லாப் பக்கங்களும் காத்திருக்கும். நம் ஊரின் மின்வெட்டுக்கென்றே செய்ததுபோல. சுட்டியை இப்படி அப்படி அசைத்து முன்னும் பின்னும் போகலாம். ஏழாம் பதிப்பில், 2003இல், மின்னஞ்சலும் உள்ளேயே இருந்தது. அடிக்கடி போகும் தளங்களைச் சிறு கட்டங்களாக வைக்கும் முகப்பு 2007இல் வந்தது. இன்று எல்லா உலாவியும் அதைத் தன் சொந்தப் பிள்ளை போல் எடுத்து வைத்திருக்கிறது.

அவர்களுக்கு நகைச்சுவையும் இருந்தது. 2003இல் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளம், ஓபரா 7இல் வருவோருக்கு மட்டும் தனியாக ஒரு நடைதாளை அனுப்புவதைக் கண்டுபிடித்தார்கள். அதன்படி பக்கத்தின் பகுதிகள் 30 புள்ளிகள் இடப்புறமாகத் தள்ளிப்போய் எழுத்து வெட்டுப்பட்டது. பார்ப்பவர் பழியை உலாவியின் மேல்தானே போடுவார்? ஓபரா வழக்குப் போடவில்லை. அந்தக் காதலர் தினத்தன்று சிறப்புப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. எம்எஸ்என் தளத்தை மட்டும் அது பொம்மலாட்டத் தொடரில் வரும் சுவீடன் சமையல்காரரின் உளறல் மொழிக்கு மாற்றிக் காட்டியது. மற்ற தளங்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன.

இத்தனை இருந்தும் ஓபராவின் பங்கு உலக அளவில் ஒருசில விழுக்காட்டைத் தாண்டவில்லை. உருசியா, உக்ரைன் போன்ற சில நாடுகளில் மட்டும் அது செல்லப்பிள்ளை. முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டும்; 2000 டிசம்பரிலிருந்து விளம்பரத்தோடு இலவசம்; 2005 செப்டம்பரில்தான் விளம்பரமும் போயிற்று. அதற்குள் 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்து, மாற்று உலாவி என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது.

நெட்ஸ்கேப் 1998இல் வெளியிட்ட மூலநிரலின் சாம்பலிலிருந்து எழுந்தது ஃபயர்ஃபாக்ஸ். மின்னஞ்சல், பக்கம் எழுதும் கருவி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கனத்துப்போன மொசில்லாத் தொகுப்பைக் கண்டு சலித்த இளைஞர்கள் உருவாக்கியது. ஆகவே அதன் கொள்கை ஓபராவுக்கு நேர் எதிர்: உள்ளே குறைவாக வை, வேண்டியவர் வேண்டிய நீட்சியைச் சேர்த்துக்கொள்ளட்டும். இந்த இரண்டு கொள்கைகளையும் பற்றி நண்பர்களிடையே நடந்த சண்டைகள், மரபா புதுக்கவிதையா என்ற சண்டைக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. நாம் அன்று நீட்சிக் கட்சி. சுதந்திரம் என்ற சொல்லே மயக்கியது. இப்போது யோசித்தால், அந்தச் சுதந்திரம் தேடத் தெரிந்தவனுக்கு மட்டுமே உரியது என்று படுகிறது. வீட்டில் வயதான தந்தைக்குக் கணினி அமைத்துக் கொடுத்த எவருக்கும் தெரியும்: அவர் எந்த நீட்சியையும் நிறுவப்போவதில்லை. பெட்டியில் என்ன வந்ததோ அதுவே அவருக்கு உலகம்.

தமிழ் விஷயத்தில் இது இன்னும் கடுமையாகவே இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு, தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. வாசகர் தலையில் அந்தச் சுமையை ஏற்றாமலிருக்க, பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கும் உத்தி ஒன்றைப் பல இதழ்கள் கையாண்டன. மைக்ரோசாஃப்டின் அந்த வகை எழுத்துரு எக்ஸ்ப்ளோரரில் மட்டும் இறங்கும். வேறு உலாவியில் திறந்தால் இலத்தீன் எழுத்துக் குப்பை. ஆக, முற்றுரிமைக்கு எதிராகப் பேசிக்கொண்டே தமிழ் படிக்க எக்ஸ்ப்ளோரரைத் திறந்தவர்கள் நாம். ஒருங்குறி வந்தபின் தொல்லை வேறு வடிவம் எடுத்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யில் சிக்கல் எழுத்துமுறைகளுக்கான கோப்புகள் குறுந்தகட்டில் இருந்தன. அவற்றைத் தனியே நிறுவினால்தான் ஃபயர்ஃபாக்ஸில் கொம்பு சரியான பக்கம் வரும். அந்தக் குறுந்தகடு யாரிடம் இருந்தது? கணினி விற்றவரிடம். அதையும் செய்து முடித்தால், வரிகளை இருபுறமும் சீராக்கிய பக்கங்களில் ஃபயர்ஃபாக்ஸ் 2 தமிழை உடைத்துப் போட்டது. எழுத்து ஒரு பக்கம், உயிர்க்குறி ஒரு பக்கம். வார்ப்புருவில் அந்த ஒற்றை வரியை நீக்குங்கள் என்று பதிவருக்குப் பதிவர் மடல் எழுதிக்கொண்டிருந்தோம். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்து அதைத் தீர்த்தது. அதற்காக எந்த நீட்சியையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. உள்ளே சரிசெய்தார்கள், அனைவருக்கும் சரியாயிற்று.

2007 டிசம்பரில் ஓபரா ஐரோப்பிய ஆணையத்திடம் மைக்ரோசாஃப்ட் மீது முறையிட்டது. அதன் பயனாக 2010 மார்ச் முதல் ஐரோப்பாவில் விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு, எந்த உலாவி வேண்டும் என்று கேட்கும் திரை காட்டப்பட்டது. 2011 மே தொடங்கி 2012 ஜூலை வரை அந்தத் திரை பலருக்கு வரவே இல்லை. தொழில்நுட்பப் பிழை என்றது மைக்ரோசாஃப்ட். 2013 மார்ச்சில் அதற்காக 56.1 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

தண்டம் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில், முறையிட்ட ஓபராவே தன் சொந்த இயந்திரத்தைக் கைவிடப்போவதாக அறிவித்திருந்தது. 2008 செப்டம்பரில் கூகுள் வெளியிட்ட குரோம் அதற்குள் களத்தை மாற்றியிருந்தது. ஓபரா இனி குரோமின் அடித்தளத்தில் எழும் என்றார்கள். 2013 ஜூலையில் வந்த பதினைந்தாம் பதிப்பைத் திறந்த பழைய அன்பர்கள் திகைத்துப்போனார்கள். மின்னஞ்சல் இல்லை, குறிப்பேடு இல்லை, பக்கக்குறிகள்கூட இல்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த வாசிப்பின் தடங்களுக்கு, திறந்த வீட்டில் வைக்க ஓர் அலமாரி இல்லை. பக்கக்குறிகள் மறுபடி ஒழுங்காக வர 2014 அக்டோபர் ஆயிற்று. எவ்வளவோ பேர் அதற்குள் போய்விட்டார்கள். கூடவே வந்த ஒன்றை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவனுக்கு அது ஒருநாள் இல்லாமல் போவதன் வலி, அதை ஒருபோதும் பெறாதவனுக்கு விளங்காது. நிறுவனத்தை விட்டு முன்பே விலகியிருந்த டெட்ஸ்னர் 2015இல் விவால்டி என்னும் உலாவியோடு திரும்பி வந்தார். உள்ளே எல்லாம் இருக்கும் பழைய வழி. 2022இல் மின்னஞ்சலும் முழுமையாகச் சேர்ந்தது. ஆனால் அடித்தளம் அதற்கும் குரோமினுடையதே. மைக்ரோசாஃப்டும் 2020இல் அதே அடித்தளத்துக்கு வந்தது. எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது.

இயல்பு நிலையில் இருப்பதன் விலை என்ன என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தன் தேடுபொறியே இயல்பாக இருப்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. வேண்டுமென்றால் எவரும் நான்கு தட்டலில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் அமைப்பு அது. மாற்றமாட்டார்கள் என்பதற்குத்தான் அவ்வளவு பணம். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா கூகுளைச் சட்டவிரோத முற்றுரிமையாளர் என்று தீர்ப்பளித்தார். குரோமை விற்க வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பரில் அவரே சொன்னார்.

2019 பிப்ரவரியில், வலை குறித்த முதல் முன்மொழிவின் முப்பதாம் ஆண்டையொட்டி, செர்னில் கூடிய ஒரு குழு பெர்னர்ஸ் லீயின் பழைய உலாவியை இன்றைய உலாவிகளுக்குள் ஓடும்படி மறு ஆக்கம் செய்தது. அண்மையில் அதைத் திறந்து பார்த்தோம். சாம்பல் நிறச் சாளரம், இடப்புறம் பட்டியல். ஓர் இணைப்பைச் சொடுக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை. பழுதோ என்று எண்ணிப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம்: இணைப்பைத் திறக்க இருமுறை சொடுக்க வேண்டும். ஒருமுறை சொடுக்கினால், அந்த இடத்தில் கர்சர் நின்று, நாம் எழுதுவதற்காகக் காத்திருக்கும்.